பச்சையில் இருப்பவள்

ஜெயராணிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சிந்துஜாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது வகுப்பே கைதட்டியது. சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எல்லாரும் எண்ணினார்கள். சிரிப்பை மறைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

கடலூரில் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில், முதலாண்டு மாணவர்கள் எழுதும் கணினி நிரல்களைத் திருத்துவது ஒரு மென்பொருள். யார் எத்தனை முறை தவறினார்கள் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். தவறாமல் எழுதுகிறவர் பெயர் பச்சையாகும்; திணறுகிறவர் பெயர் சிவப்பாகும். அவர்களைக் கைதூக்கிவிடத்தான் இந்த ஏற்பாடு என்றார் பேராசிரியர் திருநாவுக்கரசு. ஆனால் பச்சையில் இருப்பவர்கள் சொல்லிக்கொடுக்கும் சிறப்பு வகுப்புக்குப் பிறகும் சிவப்பு மாறாதவர்களை, அதே நிர்வாகம் சிதம்பரத்தில் நடத்தும் கலைக் கல்லூரிக்குத் தள்ளிவிடுவார்கள். தேர்ச்சி விகிதம் கெடக்கூடாதல்லவா?

பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஜெயராணி முட்டி மோதித்தான் எதையும் கற்பாள். பத்திருபது தடவை தவறி, கடைசியில் வழி பிடிபட்டதும் பயம் பிடித்துக்கொள்ளும். மறுபடியும் தவறிவிட்டால்? பக்கத்து இருக்கைச் சிந்துஜாவிடம் திரையைத் திருப்பி, முதலில் அவளைப் போட்டுப் பார்க்கச் சொல்வாள். சிந்துஜா அதைப் பார்த்து அடித்துத் தன் பெயரில் ஏற்றுவாள். முதல் முயற்சியிலேயே பச்சை. அதன் பிறகே ஜெயராணி தன் நிரலைத் தன் பெயரில் ஏற்றுவாள்.

இதைப் பேராசிரியரிடம் அவள் சொல்லாமலில்லை. அவர் கணினியைக் காட்டினார். "அவ ஒரே தடவையில போட்டிருக்கா. நீ அத்தினி தப்பு பண்ணிட்டு, அவ போட்டப்பறம் அச்சு அசலா அதையே போட்டிருக்க. மெஷினுக்கு ஒம்மேல என்னம்மா பகை?"

அந்தத் தவறுகள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படித் தேறி வந்தன என்பதை அவர் திறந்து பார்க்கவில்லை.

சிறப்பு வகுப்பிலும் ஜெயராணி முட்டி மோதியே எழுதினாள். சிவப்பு இன்னும் அழுத்தமாயிற்று. சிந்துஜா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். சாரிடம் உண்மையை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி ஜெயராணி ஒருநாள் கெஞ்சினாள்.

"சொன்னா நான் சிவப்பாயிடுவேன்டி. ஒனக்குப் பழகிப்போச்சு. எனக்குப் பழகல."

மாதக் கடைசியில் ஜெயராணியின் அம்மா சவரியம்மாளை வரவழைத்தார்கள். அவர் முன்னிலையில் பேராசிரியர் சிந்துஜாவின் கருத்தைக் கேட்டார். இவள் இங்கேயே இருந்தால் என்றாவது ஒருநாள் யாராவது இவளை நம்பிவிடக்கூடும் என்று சிந்துஜாவுக்குத் தோன்றியது.

"ரொம்ப முயற்சி பண்றா ஆன்ட்டி. ஆனா வரல. கஷ்டப்படுத்தாதீங்க."

சிதம்பரம் வீட்டுக்குக் கிட்டத்தான் என்று பேராசிரியரும் ஆறுதல் சொன்னார். சவரியம்மாள் மாற்றல் தாளில் கையெழுத்திட்டுவிட்டு, சிந்துஜாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும்தான் சிந்துஜாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வக வகுப்பு நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் படிக்கட்டில் அவர்களை மறித்தாள்.

"அடுத்த வாரத்து புரோகிராமை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போடி."

ஜெயராணி அசையாமல் நின்றாள். சவரியம்மாள்தான் மகளின் முதுகில் தட்டினார். "கேக்குதுல்ல, எழுதிக் குடு. ஒனக்காக எவ்ளோ பாடுபட்டிருக்கு அந்தப் பொண்ணு."

ஜெயராணி படியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

"கொஞ்சம் புரியற மாதிரி எழுதுடி," என்றாள் சிந்துஜா.