சுவிட்ச் போட்ட இடம்

நானும் அண்ணனும் நடத்தும் படமெடுக்கும் கடையின் ட்ரோன் கொஞ்சம் பழையது. சுவிட்ச் போட்ட இடத்தைத்தான் தன் வீடு என்று குறித்துக்கொள்ளும். சிக்னல் அறுந்தால் நேராக அங்கே போய் இறங்கிவிடும். காலையில் ஓர் ஆலையின் புகைபோக்கியைப் படமெடுக்கப் போனபோது, வாசலில் நின்று சுவிட்சைப் போட்டேன். மேலாளர் பின்பக்கம் வரச் சொன்னார். அணைத்து அங்கே மறுபடி போட எனக்குச் சோம்பல். அப்படியே தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து பறக்கவிட்டேன்.

புகைபோக்கிக்குப் பின்னால் சிக்னல் போனது. ட்ரோன் சமர்த்தாக வாசலுக்குப் போய், அங்கே நின்றிருந்த லாரியின் மேல் இறங்கியது. இறக்கைகள் தார்ப்பாயைக் கிழித்துப் போட்டன. அதே இடத்தில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் டீ குடிக்க இறங்கியிருந்தார். ஒரு நிமிடம் முந்தியிருந்தால் கிழிந்திருப்பது அவர் கழுத்து.

இப்படி நடந்தால் இரண்டு நாளுக்குள் விமானத்துறைக்குப் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்பது விதி. எழுதினால் விசாரணை முடியும்வரை எங்கள் கடையின் அனுமதி முடங்கும். அடுத்த வாரமோ பாலத்தைப் படமெடுக்கும் வேலை. ஒரு வருடம் நாயாய் அலைந்து அண்ணன் பிடித்தது.

கடையில் உடைந்த இறக்கையைக் கழற்றிக்கொண்டிருந்த அவன், நான் படிவத்தை அச்செடுப்பதைப் பார்த்துவிட்டான்.

"வக்கீலம்மா, யாருக்கு என்ன ஆச்சு இப்போ? தார்ப்பாய்க்குக் காசு குடுத்தாச்சு. விடேன்."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"விதியாம். எனக்குந்தான் இதே மாதிரி ஆச்சு, சுவிட்சப் போட்டுட்டு இடம் மாறி. நான் வெளிய மூச்சு விட்டேனா?"

என் கை நின்றுவிட்டது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா இன்னைக்கு அணைச்சுட்டுத்தான் தூக்கியிருப்பேன்."

அவன் திருகாணியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் நான் விடுவதாக இல்லை. நடந்ததையும் என் சோம்பலையும் ஒளிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு படிவம் எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"பாலம்?" என்றான் மெதுவாக.

"அது எங்கயும் ஓடிடாது. போனா இந்த வேலை போகட்டும். அடுத்தவன் தலையில இறங்குறதுக்கு முன்னாடி, இதே ட்ரோன் வச்சிருக்கவங்களுக்கும் தெரியட்டும், எழுது."

அவன் ட்ரோனைத் தள்ளி வைத்துவிட்டு என் பேனாவைப் பிடுங்கி எழுத ஆரம்பித்தான். முடித்ததும் நிமிரவில்லை.

"இன்னும் ரெண்டு அச்செடு," என்றான். "மூணு தடவை ஆயிருக்கு."