பூட்ஸ் முன்னால் உட்கார்ந்த குட்டி

நாய்க்குட்டி மோத்தே வந்த கொஞ்ச நாளிலேயே நாற்காலிக் கால், துடைப்பம், எர்மிந்தாவின் ஒற்றைச் செருப்பு, சன்னல் திரை என்று வாய்க்கு எட்டியதையெல்லாம் குதறிவிட்டது. வால்பராய்ஸோ துறைமுக நகரின் மலைச்சரிவில் இருந்த அந்தத் தகர வீட்டில் குட்டி தொடாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: கதவோரம் நின்ற ரொகேலியோவின் பழைய ரப்பர் பூட்ஸ்.

ரொகேலியோ எர்மிந்தாவின் கணவன். போன குளிர்காலத்தில் புது பூட்ஸை மாட்டிக்கொண்டு மீன்பிடிக்கப் போனான். படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களைக் கடல் திருப்பித் தந்தது, அவனைத் தரவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு மாதா கோயிலில் இறந்தோர் பூசை வைக்க எர்மிந்தா சம்மதிக்கவே இல்லை.

துணைக்கு இருக்கட்டும் என்று குட்டியைக் கொண்டுவந்து விட்டவள் கீழ்வீட்டு நெல்டா, ரொகேலியோவின் அக்கா. தெருநாய்களுக்கெல்லாம் சோறு வைத்துப் பழகினவள்.

"அண்ணி, இந்தச் சனியனைத் திருப்பிக் கூட்டிட்டுப் போங்க. வீடே மிஞ்சாது போலிருக்கு."

"பல்லு முளைக்குதுடீ அதுக்கு. ஈறு நமநமன்னு இருக்கும். அடிக்காதே, கத்தாதே. பழந்துணியை முறுக்கி, நனைச்சு, ஃப்ரீசர்ல வை. நாற்காலியைக் கடிச்சா அதை வாயில கொடு. அப்புறம், கடிக்கக் கூடாததையெல்லாம் கண்ணுல படாம எடுத்து வை." நெல்டாவின் பார்வை கதவோரம் போனது. "அதையும்தான்."

"அது அங்கயே இருக்கட்டும்."

துணி வைத்தியம் பலித்தது. நாற்காலி தப்பியது. உட்காரப் பழக்குவதுதான் நடக்கவில்லை. நெல்டா சொன்னபடியே சாசேஜ் துண்டைக் குட்டியின் மூக்குக்கு மேலே பிடித்து, மெல்லப் பின்னால் நகர்த்தி, "உட்காரு" என்றாள் எர்மிந்தா. அது எம்பிக் குதித்துத் துண்டைப் பறித்துக்கொண்டு ஓடியது.

"நீ சொல்றது எனக்கே கேக்கல, அதுக்கு எங்க கேக்கப் போகுது? எழவு வீட்டுல பேசுற மாதிரி..." என்ற நெல்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் சாயங்காலமானால், படகுகள் கரைக்குத் திரும்பி, கடற்பனி சரிவில் ஏறி வரும் நேரத்தில், மோத்தே கடித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கதவோரம் போகும். பூட்ஸ் முன்னால் நிமிர்ந்து உட்காரும். ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்துக்கு அண்ணாந்து பார்க்கும். வால் தரையைப் பெருக்கும்.

மீன் வாசனை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள் எர்மிந்தா. ஒருநாள் அது முன்னங்காலைத் தூக்கி நீட்டி, யாரோ பிடித்துக் குலுக்கியதுபோல் அப்படியே வைத்திருந்தது. அதை அவள் சொல்லித் தரவில்லை.

அவளுக்குப் பயம் வரவில்லை. மேசையில் இரண்டு கோப்பை தேநீர் வைக்கத் தொடங்கினாள்.

ஒரு சாயங்காலம் ரொட்டி கொடுக்க மேலே வந்த நெல்டா அந்த இரண்டாவது கோப்பையைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யாருடீ பழக்கினது?"

"நான் இல்ல அண்ணி."

நெல்டா ரொட்டியை வைத்துவிட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பினாள். சின்ன வயதில் தம்பியை அதட்டும் குரல் வந்தது. "டேய் ரொகேலியோ. இவளைப் பாருடா, எலும்பும் தோலுமா ஆயிட்டா. வாசலையே கட்டிக்கிட்டு நிக்காதே. போய்ச் சேருடா, என் ராசா." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

"வெளிய போங்க" என்றாள் எர்மிந்தா. "அவரை அனுப்புறதுக்கு நீங்க யாரு?"

மறுநாள் பனி ஏறியது. மோத்தே துணியை விட்டு எழவில்லை. எர்மிந்தாவே அதைத் தூக்கிக் கதவோரம் விட்டாள். அது கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது.

அதற்கு அடுத்த நாள் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது ஒரு பூட்ஸின் மேல்பாகம் கிழிந்து கிடந்தது. மோத்தே அதன் மேல் படுத்து, உறுமி உறுமிக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை ஓங்கினாள். குட்டி நிமிர்ந்து பார்த்ததில் பயமே இல்லை. மற்ற சாமான்களைக் கடிப்பதுபோலத்தான் அதையும் கடித்துக்கொண்டிருந்தது.

அவள் கையை இறக்கினாள். உறைந்த துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். குட்டி பூட்ஸை விட்டுத் துணியைப் பிடித்தது. கிழிந்த பூட்ஸை எடுத்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ரப்பர் வாசனை. வேறொன்றும் இல்லை.

"உட்காரு" என்றாள். அழுகையோடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

மோத்தே உட்கார்ந்தது. அவள் முகத்தைத்தான் பார்த்தது.

குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கி நெல்டாவின் கதவைத் தட்டினாள். "அண்ணி, பூசைக்குச் சொல்லிடுங்க."

நெல்டா அவளை உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அன்று எர்மிந்தா அங்கேயே படுத்துக்கொண்டாள். இத்தனை மாதமும் மேலே தன் வீட்டில் இருக்க அவள் பயந்ததில்லை. இப்போது மேலே யாரும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.