சிவப்புப் பொத்தான்

அக்காவுக்குப் பேச்சு போனதிலிருந்து வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்தபின், நடக்கக் காலைத் திருப்பிக் கொடுத்த கடவுள் பேச நாக்கைக் கொடுக்கவில்லை. கையில் நடுக்கம் வேறு. ஒரு தெருவையே வாயால் அடக்கியவள், அவளுக்கா இந்தக் கதி!

தம்பிதான் அவளுடைய தொடுதிரை மடிக்கணினியில் ஒரு பேசும் நிரலைப் போட்டுக் கொடுத்திருந்தான். திரையில் எழுத்துகளைத் தொட்டுக் கோத்து, கீழே இருக்கும் நீலப் பொத்தானை அழுத்தினால் அது குரலாகச் சொல்லும். நடுங்கும் விரலோ ஒரே எழுத்தை மூன்று முறை தொட்டுவிடும். தண்ணீர் கேட்டால் "த த தண்ணி" என்று திக்கும். போன வாரம் மகளிடம் போனில் பேசியபோது, மாப்பிள்ளை பின்னாலிருந்து சிரித்தது கேட்டுவிட்டது. அன்றே கணினியை மூடி, அலமாரிக்கு மேலே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டாள். மகள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் குடுக்கா. சரியா வரலைன்னா நானே மேல தூக்கி வெச்சுடறேன்" என்று தம்பி வந்து உட்கார்ந்தான். அவள் அரை மனதாகத் தலையாட்டினாள்.

அந்த நிரலை எழுதிய புண்ணியவான்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று மூலநிரலைத் திறந்தே வைத்திருந்தார்கள். தொட்ட எழுத்தையே இத்தனை நொடிக்குள் திரும்பத் தொட்டால் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் ஓர் எண் அதில் இருந்தது. அதைக் கொஞ்சம் கூட்டி, திருத்திய மூலநிரலிலிருந்து கணினியில் ஓடும் நிரலைப் புதிதாகக் கட்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' காலைப் பொழுதை விழுங்கிவிட்டது. கூடச் சேர வேண்டிய ஒரு துணைநிரல் இல்லை என்று கணினி முரண்டு பிடித்தது. அதைக் கொண்டுவந்தால், இது பழசு, வேறு கொண்டா என்றது. ஒருவழியாகப் பிழையில்லாமல் கட்டி முடித்து, திரையில் இருந்த நிரலின் குட்டிப் படத்தைத் தட்டித் திறந்தான். அக்கா எழுத்துகளைத் தொட்டாள்.

"த த தண்ணி."

எண்ணை இன்னும் கூட்டினான், மறுபடி கட்டினான். அதே திக்கல். இன்னும் கூட்டினான். அதே.

"கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியேன்க்கா! நான் என்னதான் பண்றது?" என்று கத்திவிட்டான்.

அக்கா கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். "இறுக்கிப் பிடிக்க முடிஞ்சா உன்னை ஏன்பா கூப்பிடறோம்?" என்றார். தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவனுக்கு அக்கா சின்ன வயதில் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. அவள் ஒருத்தி மட்டுமே கூப்பிடும் பெயர். அவள் நாக்கோடு அதுவும் போயிருந்தது.

தான் செய்யும் மாற்றம் உள்ளே போகிறதா என்றே சந்தேகம் வந்து, நீலப் பொத்தானைச் சிவப்பாக்கிக் கட்டிப் பார்த்தான். படத்தைத் தட்டினான். பொத்தான் நீலமாகவே சிரித்தது.

"அடக் கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் படம் காலையிலிருந்து பழைய நிரலைத்தான் திறந்துகொண்டிருந்தது. கட்டிய புதுசு, கட்டிய இடத்திலேயே, தொட ஆளில்லாமல் கிடந்தது. எண்ணை முதலில் வைத்த அளவுக்கே குறைத்து, ஒருமுறை கட்டி, இந்த முறை அதையே நேராகத் திறந்தான். பொத்தான் சிவப்பு.

"தப்பு உன் கையில இல்லக்கா, என் மேலதான். நான் பழசையே தொறந்து தொறந்து பார்த்துட்டு உன்னைத் திட்டிட்டேன். ஒரே ஒரு தடவை தொடுக்கா."

அக்கா மடியிலிருந்து கையை எடுத்தாள். விரல் நடுங்கியது, ஒவ்வோர் எழுத்திலும் தடுமாறியது. ஒருவழியாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"அவசரக்குடுக்கை" என்றது கணினி, திக்காமல்.

தம்பிக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அத்தான் கரண்டியோடு வந்து நின்றார். அக்கா மறுபடி குனிந்து, நிதானமாகக் கோத்து, அழுத்தினாள்.

"கண்ணைத் துடை. என் பொண்ணுக்குப் போன் போடு."