சுருட்டி வைத்த பூனை

எங்கள் புத்தர் கோயில் பூசாரி தைஷுன் சாமிக்குப் பொய் சொல்லவே வராது என்று ஊரே சொல்லும். சாவு வீட்டில் போய் "நல்ல மனுஷர்" என்று பொதுவாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வரவேண்டிய இடத்தில்கூட, "கொஞ்சம் முன்கோபிதான்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவர் ஆயுசில் ஒரே ஒரு பொய் சொன்னார். அதைத் தன் மனைவி ஹருயேயிடம் சொன்னார். அதுவும் கல்யாணத்துக்கு முன்னால் சொன்னார். முப்பத்தெட்டு வருஷம் கழித்து, மார்ச் பதினைந்தாம் தேதி காலை பத்தரை மணிக்கு, இரண்டு பஸ் நிறைய ஆட்கள் பார்க்கப் பார்க்க அந்தப் பொய் வெளியே வரப்போகிறது. அவருக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

புத்தர் மறைந்த நாளை எங்கள் மலைப்பக்கத்தில் ஒரு மாதம் தள்ளி மார்ச்சில்தான் கொண்டாடுவோம். பிப்ரவரியில் வைத்தால் கழுத்தளவு பனியில் எவன் வருவான்? கோயிலின் பெரிய ஓவியத்தை அன்று ஒரு நாள் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுவார்கள். புத்தர் வலப்பக்கம் சாய்ந்து படுத்திருப்பார். சீடர்களும் தேவர்களும் அழுவார்கள். யானை, புலி, சேவல், பாம்பு, பூரான் வரைக்கும் சுற்றி நின்று அழும். பூனை மட்டும் இருக்காது. புத்தருக்கு மருந்து எடுத்துவரப் போன எலியை அது பிடித்துத் தின்றுவிட்டதாம். அந்தக் குற்றத்துக்காக எந்த ஓவியரும் அதைச் சேர்ப்பதில்லை. எங்கேயோ ஒன்றிரண்டு கோயில்களில் யாரோ இரக்கப்பட்டு ஒரு பூனையை வரைந்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் கோயில் படத்தில் பூனை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் படத்தின் அடிப்பகுதியை உயிரோடு இருக்கிற யாருமே பார்த்ததில்லை. பழைய மண்டபம் தீயில் போனபோது படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிடைத்த மரத்தை வைத்து மறுபடி கட்டியதில் கூரை தாழ்ந்துபோனது. மாட்டினால் படம் தரையில் இரண்டு முழம் புரளும். ஆகவே அந்த இரண்டு முழத்தையும் படத்தின் அடியில் இருக்கும் மர உருளையோடு சுருட்டி, ஊதா நாடாவால் கட்டிவிட்டார்கள். கட்டியது கட்டியதுதான். காகிதம் நைந்திருக்கும், தொடாதே என்று தைஷுனின் அப்பா சொன்னார். அவருக்கு அவருடைய அப்பா சொன்னார்.

இந்தச் சங்கதியெல்லாம் தெரிந்த தைஷுன்தான் இருபத்தேழு வயதில், நகரத்துத் தேநீர்க் கடையில், பெண் பார்க்கும் சந்திப்பில் உளறி வைத்தார். அரைமணி நேரம் அவர் வாயே திறக்கவில்லை. கேக்கை அடியில் ஒட்டியிருந்த காகிதத்தோடு சேர்த்துத் தின்றார். எதிரே உட்கார்ந்திருந்த ஹருயே மருந்துக் கடையில் வேலை பார்த்தவள், கலகலவென்று பேசுகிறவள்.

"உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"பனி."

"அப்புறம்?"

"மழை."

ஹருயே கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எழுந்துவிடப் போகிறாள் என்று தைஷுனுக்குப் புரிந்தது. அவளுடைய சட்டைக் கையில் ஒரு பூனை முடி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்க படத்துல ஒரு பூனை இருக்குங்க. வேற எங்கயும் இருக்காது. எங்க படத்துல இருக்கு. மூணு நிறப் பூனை. சிவப்புப் பட்டை, அதுல ஒரு சின்ன மணி. சின்ன வயசுல பார்த்திருக்கேன்."

ஹருயே பையைக் கீழே வைத்தாள். "மணியுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அதை நான் பார்க்கணுமே."

கல்யாணமாகி வந்தாள். பார்க்க முடியவில்லை. மாமனார் நாடாவை அவிழ்க்க விடவில்லை. மாமனார் போன பிறகு தைஷுன் விடவில்லை. ஈரமாக இருக்கிறது என்பார், பூச்சி அரித்திருக்கும் என்பார், அப்பாவின் வார்த்தை என்பார். ஒருமுறை விழா அன்று மண்டபத்தில் தனியாக இருந்தபோது அவர் கையே முடிச்சு வரைக்கும் போனது. போன வேகத்தில் திரும்பிவிட்டது. இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அவிழ்க்காதவரை பாதிப் பூனையாவது மிச்சம் இருந்தது.

ஹருயேயோ ஒவ்வொரு வருஷமும் விழாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சுருட்டியிருக்குல்ல, அதுக்குள்ள பூனை இருக்கு. எங்க வீட்டுக்காரர் பார்த்திருக்கார்." போன வருஷம் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருத்தி நகராட்சியில் சுற்றுலாவைக் கவனிக்கும் இகராஷி. துடியான பெண். "பூனைன்னா கூட்டம் அள்ளும்மா" என்றாள். இந்த வருஷம் ஜனவரியில் சுவரொட்டி வந்துவிட்டது. 'பூனையும் வந்து அழுத கோயில். ஒரு நாள் மட்டும்.' படம் மாட்ட உயரம் போதாதே என்ற கேள்விக்குத் தச்சர் கின்ஸாகு வழி சொன்னார். மண்டபத்தின் மேல்பலகை நாலைக் கழற்றி, உத்தரத்திலிருந்தே தொங்கவிட்டால் இரண்டு முழம் தாராளமாகக் கிடைக்கும். இத்தனை வருஷம் இது யாருக்கும் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். தைஷுனுக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

படப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சாமியிடம், இன்னொன்று ஊர்ப் பொறுப்பில் கின்ஸாகுவிடம். தைஷுன் விழாவுக்கு முந்தின வாரம் அவர் பட்டறைக்கே போய் நின்றார்.

"கின்ஸாகு அண்ணே, பூச்சி கீச்சி இருக்கான்னு ஒரு தடவை திறந்து பார்த்துடலாமா? நாம ரெண்டு பேர் மட்டும்."

கின்ஸாகு இழைப்புளியை நிறுத்தவில்லை. "பதினாலாம் தேதி எல்லாரும் சேர்ந்து திறக்கறதுதானே முறை, சாமி. அன்னிக்குப் பூச்சியையும் சேர்ந்தே பார்ப்போம்."

"நாடாவை?"

"அதைப் பதினஞ்சாம் தேதி ஜனங்க முன்னால அவிழ்க்கணும்னு அந்த இகராஷிப் பொண்ணு சொல்லியிருக்கு. ஏன் சாமி, முகம் வெளுத்திருக்கு? சாப்பிடறீங்களா இல்லையா?"

வருகிறவர்கள் சிரிப்பார்களே என்பது அவர் கவலை இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். ஹருயே இந்த ஊருக்கு வந்ததே அந்தப் பூனையை நம்பித்தான். கல்யாணமாகி ஏழாவது வருஷம், மார்ச் தொடக்கத்தில், மாமியாரோடு பெரிய சண்டை. ஹருயே பெட்டியை எடுத்துக்கொண்டு பனியில் நடந்து பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். தைஷுன் கோயில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், போய்க் கூப்பிடத் தைரியம் வராமல். பஸ் வந்தது, போனது. ஹருயே பெட்டியோடு திரும்பி வந்தாள், கையைக் கழுவினாள், விழா உருண்டைக்கு அரிசியை மாவாக அரைக்கத் தொடங்கினாள். ஏன் திரும்பினாய் என்று அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. பொய்யென்று தெரிந்தால் அந்தப் பெட்டி பரணிலிருந்து மறுபடி இறங்கும் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. அறுபத்திரண்டு வயதுக்காரி எங்கே போகப்போகிறாள் என்று நீங்கள் சொல்லலாம். ஹருயேயைத் தெரிந்தால் சொல்லமாட்டீர்கள்.

பதினைந்தாம் தேதி பொழுது நன்றாக விடிந்தது. கூரைப் பனி உருகிச் சொட்டியது. பஸ்கள் வந்தன. கழுத்தில் கேமரா மாட்டியவர்கள், பூனைப் படம் போட்ட பை வைத்திருந்த பெண்கள், வெளிநாட்டுத் தம்பதி ஒன்று என்று மண்டபம் நிறைந்தது. காலுறை ஈரத்தால் பாயெல்லாம் நனைந்தது. பின்வரிசையில் உள்ளூர்க்காரர்கள், விழா முடிவில் சாமி கூட்டத்துக்குள் வீசும் மாவு உருண்டைகளை ஏந்திப் பிடிக்கப் பைகளோடு தயாராக இருந்தார்கள். ஹருயே பக்கவாட்டுக் கதவருகே கூடையோடு நின்றாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று நாலு நிறத்தில் மாவு உருண்டை, நாலாயிரம். மூன்று நாளாக ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து உருட்டியது.

சூத்திரம் ஓதி முடிந்தது. தைஷுன் படத்தின் இடது பக்கம் மண்டியிட்டார், கின்ஸாகு வலது பக்கம். ஊதா நாடா சாயம் போய்ச் சாம்பலாகியிருந்தது. முடிச்சு இறுகிக் கிடந்தது. 'இப்படியே அவிழாமல் போகட்டும்' என்று புத்தரின் படத்துக்கு முன்னாலேயே வேண்டிக்கொண்டார். அவிழ்ந்துவிட்டது.

"மெதுவா விடுங்க, சாமி" என்றார் கின்ஸாகு.

உருளை ஒரு சுற்று இறங்கியது. எருமையின் கால்கள் தெரிந்தன. இன்னொரு சுற்று. தவளை, ஆமை, வாயில் பூவோடு ஒரு கொக்கு. கூட்டத்தில் யாரோ "பூனை எங்கே?" என்று கேட்டார்கள். மூன்றாவது சுற்று. நத்தை, வெட்டுக்கிளி. இடது மூலையில் வெறும் புல். தைஷுன் கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் கடைசிச் சுற்றை விட்டது. திறந்தபோது, அவர் முழங்காலிலிருந்து ஒரு சாண் தள்ளி, அது உட்கார்ந்திருந்தது.

கறுப்புப் பூனை. நெஞ்சு மட்டும் வெள்ளை. நல்ல கொழுத்த பூனை. உலகமே அழுதுகொண்டிருக்க, புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னங்காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, இருக்கு" என்றார் தைஷுன்.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அத்தனை வருஷம் ஓதிப் பழகிய குரல், மண்டபம் முழுக்க எட்டியது. கூட்டம் சிரித்தது, கைதட்டியது. எல்லாரும் முன்னால் நெருங்கிக் கேமராவைத் தூக்கினார்கள். இகராஷிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தைஷுனுக்கும்தான். துடைத்துக்கொண்டு திரும்பியபோது கதவருகே ஹருயே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தையல்ல, அவரை. அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்தேன் பார்த்தேன் என்று சொன்னவன் கத்துகிற கத்தலா அது? பூனை காப்பாற்றியது, வாய் கெடுத்தது.

ஹருயே கூடையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தைஷுன் உருண்டை வீசினார். எங்கே வீசுகிறோம் என்று தெரியாமல் வீசியதில் வெளிநாட்டுக்காரரின் நெற்றியில் ஒரு பச்சை உருண்டை பட்டது. அவர் அதைப் பிரசாதமாக எடுத்துக் குனிந்து வணங்கினார்.

மதியம் பஸ்கள் போயின. கின்ஸாகுவும் சாப்பிடப் போனார். ஹருயே தேநீர் கொண்டுவந்தாள். படத்துக்கு முதுகைக் காட்டி, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"கறுப்பாமே" என்றாள். "பஸ் ஏறும்போது பேசிக்கிட்டாங்க. மணியும் இல்லையாம்."

"இல்லை."

"சின்ன வயசுல பார்த்தவருக்கு நிறம் மறந்துபோகலாம். ஆனா அப்படிக் கத்தமாட்டாங்க."

தைஷுன் நெற்றி பாயில் படக் குனிந்தார். "நான் பார்த்ததே இல்லை, ஹருயே. அன்னிக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. நீ பையை எடுத்தே. எழுந்து போயிடுவேன்னு பயமா இருந்தது. சொல்லிட்டேன்."

"எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லணும்னு ஆசையாத்தான் இருக்கு. தெரியாது. முழுசா நம்பிட்டேன்." அவள் தேநீரை ஒரு வாய் குடித்தாள். "தலையைத் தூக்குங்க. அந்த ஏழாவது வருஷம் பெட்டியோட போனேனே, ஏன் திரும்பி வந்தேன்னு நீங்க கேட்டதே இல்லை."

"கேட்டா மறுபடி போயிடுவியோன்னு."

"பஸ் வந்தது. கதவு திறந்தது. ஒரு காலைத் தூக்கிப் படியில வெச்சுட்டேன். விழாவுக்கு இன்னும் பத்து நாள்தானே, இந்த வருஷமாவது உங்கப்பா அவிழ்ப்பார், பூனையைப் பார்த்துட்டே போயிடலாம்னு தோணிச்சு. காலை எடுத்துட்டேன். டிரைவர் திட்டினான்." ஹருயே சிரித்தாள். "அதுக்கப்புறம் எப்பக் கோபம் வந்தாலும் அதேதான். உங்கம்மா ஏதாவது சொன்னா, தண்ணிக் குழாய் உறைஞ்சா, நீங்க நாலு நாள் பேசாம இருந்தா. சரி, பூனையைப் பார்த்துட்டுப் போயிடலாம். அப்படியே இத்தனை வருஷம் ஓடிப்போச்சு."

ஓவியத்தில் எல்லாரும் எதற்கு அழுகிறார்கள் என்று இத்தனை வருஷம் ஓதியும் புரியாதது தைஷுனுக்கு இப்போது புரிந்தாற்போல் இருந்தது. "இப்ப அது வெளிய வந்துடுச்சே" என்றார், பாதிக் குரலில்.

ஹருயே காலிக் கிண்ணங்களைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தாள். "அடியைச் சுருட்டிக் கட்டிடுங்க. கின்ஸாகு அண்ணன் வந்தா மேல்பலகையை அடிச்சிடச் சொல்லுங்க."

"ஏன்? அடுத்த வருஷமும் ஜனங்க வருவாங்களே. இகராஷி என்ன சொல்லும்?"

"உள்ள பூனை இருக்குன்னு சொல்லட்டும். இப்பதான் அது பொய் இல்லையே."

"ஊரே பார்த்துடுச்சு, ஹருயே."

"ஊர் பார்த்துச்சு. நான் உங்க மூஞ்சியைத்தானே பார்த்துட்டிருந்தேன்" என்றாள். "நான் இன்னும் பார்க்கலை."

பக்கவாட்டுக் கதவு வழியாகத் தட்டோடு போனாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. தைஷுன் பூனையைப் பார்த்தார். அது காலை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உருளையை மெல்ல மேலே சுருட்டி, சாயம்போன நாடாவை எடுத்தார். வாழ்நாளில் அவ்வளவு இறுக்கமாக அவர் ஒரு முடிச்சும் போட்டதில்லை.