பேர் வெட்டாத தட்டு

ஆடி பிறந்துவிட்டால் போதும், ராஜபாளையத்து மில்லின் ரீலிங் செக்‌ஷனில் நூலைவிடச் சாமான் சீட்டுதான் அதிகம் ஓடும். ஆடிப்பூரத்தை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பாத்திரக் கடையில் தள்ளுபடி போடுவார்கள். தேர்க் கூட்டமும் தள்ளுபடிக் கூட்டமும் சேர்ந்தால் எள் போட்டால் எள் விழாது. அதில் போய் மிதிபட யாருக்கு ஆசை? வேண்டிய சாமானைத் தாளில் எழுதி, வேலுத்தாய் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

வேலுத்தாய்க்கு எழுத்து வாசனை கிடையாது. அதனால் என்ன கெட்டுப்போச்சு? சீட்டைக் கொடுக்கிறவள் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும். அப்புறம் தாளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். காலண்டர் தாள் என்றால் சந்தனம், ரெண்டு தூக்குவாளி, ஒரு பருப்புச் சட்டி. சோப்பு உறை என்றால் முத்தாத்தாள், மூடி போட்ட குடம். பத்து வருசத்தில் ஒரு கரண்டிகூட ஆள் மாறிப் போனதில்லை. பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடியைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவாள். அவளைக் கண்டாலே கடை ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவப் பார்ப்பார்கள்.

அவளுடைய சொந்தச் சீட்டு மட்டும் எப்போதும் மனசுக்குள்தான். தொண்ணூற்றொன்றாம் வருசத்து ஆடிக்கு அதில் ஒரே ஒரு சாமான் இருந்தது. பதினாறு குழி இட்லிச் சட்டி. வைகாசியில் மகன் ஐயாதுரைக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. புருசன் போனபிறகு இருபது வருசம் தாயும் பிள்ளையுமாக இரண்டு தட்டில் சாப்பிட்ட வீடு. இனிமேல் மருமகள், அப்புறம் பேரன் பேத்தி என்று பெருகத்தானே போகிறது? நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது.

கல்யாணப் பந்தியில் யாரோ ஒருத்தி, "வேலுத்தாயக்கா, ஒம் மகன் பொண்டாட்டி முந்தானையப் பிடிச்சிக்கிட்டுத் தனியாப் போகப் போறான், பாரேன்" என்று கேலி பேசிவிட்டாள். வேலுத்தாய்க்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என்னைக்குத் தனியாப் போறேன்னு சொல்லுதானோ, அன்னையிலேர்ந்து எனக்கு மகனே இல்ல" என்று பந்தியே கேட்கச் சொன்னாள். சோற்றில் கை வைத்திருந்த மாப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை.

ஆடி முதல் தேதி மருமகள் செல்லக்கனியை அவள் தாய் வீட்டார் வழக்கப்படி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனார்கள். பூரத்துக்கு முந்தின நாள், மகன் சட்டையைத் துவைக்க எடுத்த வேலுத்தாய் பைக்குள் ஒரு தாளைக் கண்டாள். கோடு போட்ட நோட்டுத் தாள். வரிசையாக ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் சீட்டு தெரியாதா அவளுக்கு? ‘அடப் பாவிப் பயலே! மருமகப் புள்ள எங்கிட்டக் கேக்கக் கூச்சப்பட்டு ஓங்கிட்டக் குடுத்திருக்கா. நீ பையில போட்டு மறந்துட்டியா?’ என்று மனசுக்குள் மகனைத் திட்டிக்கொண்டே அதை மஞ்சப்பையில் போட்டாள். அவனிடம் மூச்சு விடவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக் கொண்டுபோய் மருமகள் முன்னால் இறக்க வேண்டும், அவள் வாயைப் பிளக்க வேண்டும்.

மறுநாள் கூட வந்தது பரிபூரணம். சர்ச்சுக்குப் போகிறவள், கோயிலுக்குள் வரமாட்டாளே தவிர, தள்ளுபடிக்கு வருவதில் அவளுக்கு எந்த வேத வாக்கியமும் குறுக்கே நின்றதில்லை. பக்கத்து மிஷினில் பன்னிரண்டு வருசமாக நிற்கிறவள். அவளுக்கும் எழுத்து வாசனை கிடையாது. கடையில் மற்றவர்கள் சாமானெல்லாம் எடுத்து முடித்தபிறகு, வேலுத்தாய் நோட்டுத் தாளைப் பெருமையாக நீட்டினாள்.

"மாரிசாமி, இது எம் மருமக சீட்டு. வாசி பாப்போம்."

மாரிசாமி அந்தக் கடையில் தலை நரைத்தவன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தான்.

"‘ஆலங்குளம் குவார்ட்டர்ஸுக்கு வேண்டியது.’ ஆகா! ஐயாதுரைக்குச் சிமெண்ட் ஆலையில வேலை கிடைச்சிருச்சா? சொல்லவே இல்லயேக்கா!"

வேலுத்தாய் அவன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். போன வருசம் ஐயாதுரை அந்த ஆலைக்கு இன்டர்வியூ போய்வந்தான். ஒன்றும் வரவில்லை என்றுதான் இவளிடம் சொல்லியிருந்தான்.

"திரி ஸ்டவ் ஒண்ணு. தட்டு ரெண்டு, டம்ளர் ரெண்டு. குடம் ஒண்ணு. நாலு குழி இட்லிச் சட்டி ஒண்ணு..."

நாலு குழி. இரண்டு பேருக்கு நாலு குழி போதும், கணக்கு சரிதான். அந்தக் கணக்கில் தான் எங்குமே இல்லை என்பது அவளுக்கு மாரிசாமி வாயால் தெரிய வேண்டியிருந்தது.

"சீட்டக் குடு" என்று பிடுங்கிக் கசக்கினாள். "வா பரிபூரணம், போவோம்."

"செத்த நேரம் உக்காரு" என்றாள் பரிபூரணம். "பந்தியில அம்புட்டு சனத்துக்கு மத்தியில அப்படிச் சொன்னா, அந்தப் பய எப்படி வாயத் தொறப்பான்? ஓம் மேல பயம். அதவிட, ஒன்ன விட்டுப் போறோமேன்னு வருத்தம். அதான் ஒளிச்சு வச்சிருக்கான்."

அதற்குள் மாரிசாமி, இந்த அமளி ஒன்றும் புரியாமல், ஸ்டவ்வைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டான். போகக் கிளம்பிய வேலுத்தாயின் கண் அதன்மேல் விழுந்தது. விழுந்த கண் நகரவில்லை. பக்கத்தில் வந்து திரிக் குழாயை ஆட்டிப் பார்த்தாள்.

"இதையா குடுக்கப் பாத்த? ரெண்டு மாசத்துல திரிய முழுங்கிரும். சின்னஞ்சிறுசுக, ஏமாத்திரலாம்னு நெனைச்சியோ? அந்த மேல் தட்டுல இருக்கே, அத எடு."

அவ்வளவுதான். வீம்பு ஒரு பக்கம் இழுத்தாலும், பிள்ளைகள் கையில் ஓட்டைச் சாமான் போய்ச் சேருவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குடத்தைத் தட்டிப் பார்த்தாள். நாலு குழிச் சட்டியின் மூடி சரியாக உட்காருகிறதா என்று மூன்று தடவை மூடித் திறந்தாள். பதினாறு குழிச் சட்டி எதிரே பளபளவென்று தொங்கியது. அதைப் பார்க்காமலே, அதற்கென்று முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்தாள்.

"தட்டு மூணாப் போடு" என்றாள்.

கடை வாசலில் பேர் வெட்டுகிறவன் மிஷினோடு உட்கார்ந்திருந்தான். "பேரு, ஊரு சொல்லுங்கம்மா."

"செல்லக்கனி."

"ஊரு?"

வேலுத்தாய் கையிலிருந்த கசங்கிய சீட்டை விரலால் நீவிவிட்டாள். "ஆலங்குளம்னு போடு."

"மகன் பேரு போடலையா?" என்று பரிபூரணம் கேட்டாள்.

"எனக்குத்தான் மகனே இல்லன்னு ஊரறியச் சொல்லியாச்சே. சொன்ன சொல்லு மாறமாட்டேன். மருமக இருக்கால்ல, அவ வீட்டுக்கு வாங்குதேன்" என்றாள் வேலுத்தாய். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஸ்டவ்வில், குடத்தில், சட்டியில், டம்ளர்களில், ஒரு தட்டில் செல்லக்கனி பேர் ஏறியது. இன்னொரு தட்டில் வேலுத்தாய், ராஜபாளையம். மூன்றாவதை அவன் கையில் எடுத்தபோது தடுத்துவிட்டாள். "அது வெறுந்தட்டா இருக்கட்டும்."

மருமகள் சாமானைக் கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் இறக்கினார்கள். செல்லக்கனி வாயைப் பிளக்கத்தான் செய்தாள், வேலுத்தாய் நினைத்த மாதிரி இல்லை. பாத்திரத்தில் இருந்த ஊர்ப் பேரை வாசித்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, நான் அப்பமே சொல்லிருங்கன்னு சொன்னேன். அவிய தான்..."

"அழாத ஏட்டி. சாமானெல்லாம் சரியா இருக்கான்னு பாரு. அவங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. அவனாச் சொல்லட்டும்."

மற்றவர்கள் சாமானோடு பேர் வெட்டாத தட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த ஐயாதுரை சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தான். காலையில் சட்டைப் பையில் சீட்டைத் தேடித் தேடி அவன் முகம் செத்துப்போயிருந்தது. வேலுத்தாய் புதுத் தட்டைக் கழுவிச் சோற்றைப் போட்டாள்.

"புதுத் தட்டாம்மா? பேரு வெட்டலையா?"

"வெட்டத்தான் போனேன். ஊரு என்ன போடணும்னு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள் வேலுத்தாய். குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "நீ சொல்லுலே. ராசபாளையம்னு போடவா, ஆலங்குளம்னு போடவா?"

ஐயாதுரையின் கை சோற்றில் அப்படியே நின்றது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அதில் கோபத்தைத் தேடினான், கிடைக்கவில்லை. கல்யாணப் பந்தியில் குனிந்த தலை இப்போதுதான் நிமிர்ந்தது என்று அவளுக்குப் பட்டது.

"ஆலங்குளம்மா" என்றான்.

"சரி, சோத்தத் தின்னு" என்றாள் வேலுத்தாய். "நான் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அங்க வருவேன். என் தட்டு ஒங்க சாமானோட சேந்தாச்சு."