பின்பால்கனியில் நிற்பது

எங்கள் அடுக்ககத்தில் ஏசியைப் போட்டதும் அறையில் இருப்பவரின் வெப்பம் அவுட்டோர் யூனிட் வழியாக வெளியேறி, பின்பால்கனியில் சுவரோடு ஒட்டி நிற்கும். ஆறு மணிக்கு ஏசியை நிறுத்தினால், போன வழியே திரும்பி உரியவரிடம் வந்து சேரும். அதனால் ரிமோட்டை அழுத்தும்போது "போய்ட்டு வா" என்று சொல்லி அனுப்புவது இங்கே வழக்கம். லிப்டுக்குள் அதை எழுதியே ஒட்டியிருக்கிறார்கள்.

பதினெட்டு வருடம் ஹாம்பர்க்கில் இருந்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியவன் நான். வந்த மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி பொன்மலர் படுத்திருந்தாள். அறை வாசலில் நின்று ரிமோட்டை அழுத்தினேன். "போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மாலையில் அவள் காப்பி கொண்டுவந்தாள். கைக்கு வருவதற்குள் அது ஆறியிருந்தது.

"என்னோடது இன்னும் வரலைங்க" என்றாள்.

"கொஞ்ச நேரம் பார்ப்போம்."

"என்ன சொல்லி அனுப்புனீங்க?"

சொன்னேன்.

"ஒரு நாயைக்கூட அப்படிச் சொல்ல மாட்டாங்க." கோபத்திலும் அவள் முகம் சிவக்கவில்லை.

புதன்கிழமை அவள் உறை ஊற்றிய பால் தயிராகவில்லை. வியாழக்கிழமை கீழ்வீட்டுப் பூனை அவள் மடியில் ஏறி, உடனே இறங்கிப்போனது. வெள்ளிக்கிழமை காலையில், பிரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த பாட்டிலைப் போல அவள் கழுத்தில் நீர்த்துளிகள் நின்றன. மெக்கானிக் மச்சாதுவுக்கு போன் செய்தேன்.

மச்சாது நாலரை மணிக்கு வந்தார். பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். கம்பளித் துண்டு போல் தூசு படர்ந்திருந்தது.

"கடைசியா எப்ப கழுவுனீய?"

"கழுவணுமா?"

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கழுவணும் சார். பாதை இப்படி அடைச்சுக் கெடந்தா, வர நெனச்சதும் வராது."

அதைக் குழாயடியில் கழுவி நிழலில் சாய்த்து வைத்தார். பிறகு பால்கனிக்குப் போய் அவுட்டோரைத் திறந்தார். உப்புக் காற்றில் தகடுகள் பொரிந்திருந்தன. உள்ளே புறா வைத்த குச்சிகளை எடுத்துப்போட்டு, பிரஷால் தேய்த்துத் தண்ணீர் அடித்தார். கடைசியில் ஃபேனுக்கு முன்னால் இருந்த கம்பி ஜாலியில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பால்கனியில இல்ல. உப்பளத்துப் பக்கமா நடந்துபோய்க்கிட்டு இருக்கு. இன்னிக்கு வெயில் தாழுறதுக்குள்ள பிடிக்கணும். உப்பளத்து வெயிலோட கலந்துட்டா, அதுல அக்காவோடது எதுன்னு பிரிக்க ஏலாது."

"நான் கூப்பிட்டுப் பார்க்கிறேன்."

"போன்னு சொன்ன வாய் கூப்பிட்டா வராது சார். யாராவது போய்த்தான் கூட்டிட்டு வரணும். உங்களோடதை அனுப்புங்க."

காய்ந்த பில்டரை மாட்டியதும், பொன்மலர் படுக்கும் இடத்தில் நான் படுத்துக்கொண்டேன். அவள் ரிமோட்டுடன் வாசலில் நின்றாள்.

"அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லாதீய. போற ஆள்தான் சொல்லணும்" என்றது பால்கனியிலிருந்து மச்சாதுவின் குரல். "சார், முழுசாச் சொல்லிட்டுப் போங்க. சீக்கிரம், வெயில் எறங்குது!"

பொன்மலர் அழுத்தினாள். நெற்றியில் குளிர் விழுந்தது.

"போறேன்" என்றேன்.

ஹாம்பர்க்கில் கிளம்புவதற்கு ஒரு சொல் போதும். பொன்மலர் என்னை ஒருமுறை பார்த்தாள். மச்சாது ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அவளுடையது உப்பளத்தின் கடைசிப் பாத்தி வரப்பில், ஓர் உப்புக் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எனக்கு முன்னால் நடந்தது. இருவரும் பின்பால்கனிக்கு வந்து சேர்ந்தோம். ஆறு மணிக்கு ஏசி நின்றது. சுத்தமாக இருந்த தகடுகளுக்கு இடையே அவளுடையது சிரமமில்லாமல் நுழைந்தது. நான் நுழையப் பார்த்தேன். ஃபேன் அசையவில்லை.

நான் நிற்கும் இடத்திலிருந்து ஜன்னல் வழியாக அறையும் ஹாலில் பாதியும் தெரிகின்றன. பொன்மலர் இப்போது காப்பியை ஊதிக் குடிக்கிறாள். தயிர் கெட்டியாக உறைகிறது. நான் போன பிறகு கட்டிலில் என் உடம்போடு மிச்சமிருந்தவர் அன்று இரவே எழுந்து அவளோடு சாப்பிட்டார். அவருக்குப் பசி குறைவு. ஆனால் பேச்சு நன்றாக வருகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பில்டரைக் கழுவுவதும் அவர்தான்.

என்னைக் கூட்டிப்போக ஞாயிற்றுக்கிழமை தன்னுடையதை அனுப்புவதாகப் பொன்மலர் சொல்லியிருந்தாள். ஞாயிறு மதியம் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போது அவர் என் ஹாம்பர்க் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மே மாத வெயிலில் கடைக்குக் கிளம்பினார்.

"போய்ட்டு வரேன், மலரு" என்றார். ஒரு சொல் குறையவில்லை.

பொன்மலர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே வந்தாள். "அடுத்த சர்வீஸுக்குப் பார்த்துக்கலாங்க" என்றாள்.

நான் சுவரோடு சற்று நகர்ந்து நின்றேன். புறா மறுபடியும் குச்சி கொண்டுவர ஆரம்பித்திருந்தது.