பத்தில் ஒரு பங்கு தண்ணீர்

மாமியார் கீழ்த்தளத்தில் சவ்வு செய்தார். மருமகள் மேல்தளத்தில் உட்கார்ந்து, அந்தச் சவ்வில் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டாள். ஒரே ஆய்வு நிறுவனம், ஒரே பேருந்து, ஒரே வீடு. புத்தியுள்ள எந்தக் குடும்பமும் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளாது. என்ன செய்வது, மகன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்ய அவன் அந்தக் கட்டடத்துக்கு வந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவள் இவள். கதவு திறந்ததும் நன்றிகூடச் சொல்லாமல், "இது இன்னிக்கு நிக்கும்னு காலையிலயே சொன்னேன், யாரு கேக்கறாங்க?" என்றாள். பையன் அங்கேயே கவிழ்ந்துவிட்டான்.

மேல்தளத்தில் அவளுக்குப் பெயரே 'கணக்கு'தான். "கணக்கு வந்தாச்சா?" என்பார்கள், "கணக்கைக் கேட்டுட்டுச் செய்யலாம்" என்பார்கள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. சந்தேகப்படுவதை அவள் மற்றவர்களின் வேலை என்று விட்டுவைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். உப்புநீரைக் குடிநீராக்க ஒரு சவ்வு. அதன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை ஊடுருவிய கோடிக்கணக்கான கரிக்குழாய்கள், ஒரு தலைமயிரின் குறுக்கே பல்லாயிரம் குழாய்களை அடுக்கலாம், அவ்வளவு மெல்லியவை. சாதாரணக் குழாயில் சுவரை ஒட்டிய தண்ணீர் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். இந்தக் கரிச்சுவரிலோ பிடிப்பே கிடையாது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டே போகும். எவ்வளவு வேகமாக என்று கணினியில் போட்டுக் காட்டியவள் கணக்கு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் இயக்குநர் திட்டத்தையே ஆரம்பித்தார்.

சவ்வு தயாராயிற்று. மாமியார் அளந்தார். மருமகள் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர் வந்தது.

கணக்கு ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "பத்து துளையில ஒம்பது அடைச்சிருக்கு சார்" என்று இயக்குநரிடம் சொன்னாள். மாமியார் துளைகளை அமிலத்தில் கழுவினார், வெப்பத்தில் சுட்டார், மறுபடியும் வார்த்தார். பல மாதங்கள் இதே பாடு. எண் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் இயக்குநர் ஒரு முடிவுக்கு வந்தார். கீழ்த்தளப் பட்டறையை மூடிவிட்டுச் சவ்வை வெளியில் வாங்கிக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உறுதிசெய்துவிடலாம் என்றார். குழாய்களை உலையில் வளர்த்துக் கொடுத்துவந்த உலைக்காரர் அதைக் கேள்விப்பட்டு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வண்டி ஏறிவிட்டார். மாமியாரே அவரை அனுப்பிவைத்ததாகப் பேச்சு. அவர் போன அன்று மாமியார் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது பேசினார்.

"சவ்வை ரெண்டு மடங்கு தடிமனா வார்த்துப் பாத்தேன். அதே தண்ணிதான் வருது."

"வராதே அத்தை. குழாய் ரெண்டு மடங்கு நீளமானா தண்ணி பாதியாத்தான் வரணும்."

"வரணும். வரலியே."

"அப்போ அளந்ததுல தப்பு."

மகன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "நான் பால்கனியில சாப்பிடறேன். ரெண்டு பேரும் முடிச்சதும் கூப்பிடுங்க."

"உக்காருடா" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அவன் உட்கார்ந்தான்.

"நாலு தடவை அளந்தேன்" என்றார் மாமியார். "மூணு மடங்கு தடிமனும் பாத்துட்டேன். அதே தண்ணி. ஒம்பது துளை அடைச்சிருக்குன்னே வெச்சுக்கோ. மிச்சமிருக்கற ஒரு துளையாவது உன் கணக்கைக் கேக்க வேண்டாமா?"

மாமியாரின் கை அளந்தால் அளந்ததுதான். இத்தனை மாதமும் அதைக் கணக்கு மறுத்ததே இல்லை, துளைகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதோ குறை சொல்லத் துளையும் இல்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்ததும், அப்படியும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அளவு தப்பென்று நிரூபித்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள். குழாயின் நீளத்தைத் தன் கணினி மாதிரியில் போட்டு ஓட்டிப் பார்க்கலாமென்று திறந்தாள். நீளம் எங்கே போடுவது என்று தேடினாள். கிடைக்கவில்லை. தான் எழுதிய நிரலில் தானே ஒரு பொருளைத் தேடி அலைவது எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அவளுடைய குழாய்க்கு நீளமே கிடையாது.

இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்திருந்தாள். கணினிக்குள் முழுக் குழாயையும் வைத்தால் காலத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு துண்டை மட்டும் வைத்து, அதன் வலப்பக்கம் வெளியேறும் மூலக்கூறை இடப்பக்கம் மறுபடியும் உள்ளே விடுவார்கள். தண்ணீர் முடிவில்லாத குழாயில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு ஓடும். சுவர் எவ்வளவு வழுக்குகிறது என்று பார்க்க இது அருமையான வழி. ஒரே ஒரு குறை, முடிவில்லாத குழாய்க்கு வாய் கிடையாது. அவளுடைய தண்ணீர் அந்தக் குழாய்க்குள் ஒருமுறைகூட நுழைந்ததே இல்லை. பிறந்ததிலிருந்தே உள்ளேதான் இருந்தது.

மாமியாரின் தண்ணீர் அப்படியா? அது வெளியே கும்பலாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் கூட்டத்தை உதறிவிட்டு, ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய வாசலில் தன் முறைக்காகக் காத்திருந்து நுழைய வேண்டும். பேருந்துக்குள் இடம் எவ்வளவு காலியாக இருந்தால் என்ன, படியில் ஒவ்வொருவராகத்தானே ஏற முடியும்? குழாய் நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் தாமதமெல்லாம் வாசலில்தான். தடிமனைக் கூட்டினால் தண்ணீர் எப்படிக் குறையும்?

அவள் நாற்காலியில் சாய்ந்து, "அட மடச்சி" என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "உங்களை இல்ல" என்றாள்.

குழாயின் இரு முனைகளிலும் ஒரு தொட்டித் தண்ணீரை வைத்து, வாயோடு சேர்த்துப் புதிதாக மாதிரி கட்டினாள். வியாழக்கிழமை மதியம் விடை வந்தது. பழைய எண்ணில் பத்தில் ஒரு பங்கு. குழாயை இரண்டு மடங்காக்கினாள், மூன்று மடங்காக்கினாள். அசையவில்லை. மாமியார் அளந்த எண்கள் அச்சுப் பிசகாமல் திரையில் வந்து உட்கார்ந்தன. அவளுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. ஒரு துளைகூட அடைக்கவில்லை. இல்லாத அடைப்பை எடுக்கத்தான் ஒரு பட்டறையையே இத்தனை மாதம் அலைக்கழித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வாயைத் திறப்பதற்கு முன் அவள் எழுந்துவிட்டாள்.

"சவ்வுல அடைப்பு இல்ல சார். என் மாதிரிதான் தப்பு. தண்ணி குழாய்க்குள்ள நுழையறதை நான் கணக்குலயே எடுத்துக்கல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இவ்வளவு நாளா நீங்க சொன்னது?"

"தப்பு."

"கொஞ்சமா?"

"பத்து மடங்கு."

மழுப்பவில்லை, பூசி மெழுகவில்லை. சரியாக இருக்கும்போது நிமிர்ந்து நிற்கிற அதே நிற்பில்தான் தப்பையும் சொன்னாள். மேசையின் அந்தக் கோடியில் மாமியார் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா இப்ப எங்க தடுக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்று தொடர்ந்தாள். "சவ்வை மெலிசாக்கறதால பிரயோஜனம் இல்ல. குழாயோட வாயை மட்டும் புனல் மாதிரி விரிச்சா இப்ப வர்றதைப் போல ரெண்டு மடங்கு வரும். அதை வெளியில யாராலயும் செய்ய முடியாது. கீழ்த்தளத்துல முடியும்."

இயக்குநர் மாமியாரைப் பார்த்தார். "முடியுமா?"

"ரெண்டு மடங்கெல்லாம் இவ சொல்றது" என்றார் மாமியார். "ஒன்றரை வரும். செஞ்சு அளந்துட்டுச் சொல்றேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பட்டறை பிழைத்தது. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று.

தாழ்வாரத்தில் இருவரும் தனியாக நடந்தார்கள். கணக்கு, "அத்தை, மன்னிச்சிருங்க" என்றாள். இந்த வார்த்தையை அவள் சொல்லி மாமியார் கேட்டதில்லை.

"என் அளவு சரின்னு எனக்குத் தெரியும்" என்றார் மாமியார். "தெரிஞ்சும் நீ சொன்னதைத்தான் நம்பினேன். உலைக்காரர் வந்து, நாம எங்கயோ கெடுத்துட்டோம்மா, என் உலைதான் காரணம்னு சொல்லி அழுதாரு. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போங்கன்னு சொல்லிட்டேன்."

கணக்கு நின்றுவிட்டாள். தன் எண் ஒரு மனிதரை அழவைக்கும் என்று எந்த மாதிரியிலும் அவள் போட்டுப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே கையை நீட்டினாள். "அவர் நம்பரைப் போட்டுக் குடுங்க. நான் பேசறேன்."

மணி வெகுநேரம் அடித்தது. பிறகு ஒரு தூக்கக் குரல் கேட்டது.

"ஐயா, நான் மேல்தளத்துக் கணக்கு பேசறேன். உங்க உலைல ஒரு கோளாறும் இல்லைய்யா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க வளத்த ஒவ்வொரு குழாயும் திறந்துதான் இருக்கு. திரும்பி வாங்க."

"எல்லாமேவா?" என்றார் உலைக்காரர்.

"எல்லாமே."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்டக் குடுங்க. அவங்க சொல்லட்டும்."

கணக்கு ஃபோனை மாமியாரிடம் கொடுத்தாள். மாமியார் அதைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றார். "உங்க உலை காரணம் இல்லைய்யா. இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.